உப்புக்காற்றும் நாய் வேலியும்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, துய்மா வீதி போன்ற பழைய பிரெஞ்சு வீதிகளில் நடந்துபோகிறவர்களுக்கு வீட்டுக்கு முன்னால் மதில்தான் கண்ணில் படும்; சுண்ணாம்புச் சாந்து பூசிய அந்த உயர்ந்த மதில்களையும் கனத்த கதவுகளையும் பார்க்கையில், ஒரு நாய்க்கு இதற்குமேல் என்ன பந்தோபஸ்து வேண்டும் என்றுதான் தோன்றும். வாய்க்காலுக்கு மேற்கே, வீதியை ஒட்டித் தாழ்வாரமும் திண்ணையுமாக வீடு கட்டிய நம் முன்னோர்களுக்கோ இந்தப் பிரச்னையே எழவில்லை. திண்ணையடியில் படுத்திருக்கும் நாய்க்கு வீதி முழுவதும் சொந்தம். மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் அந்தச் சுதந்திரத்தை எந்தப் பிராணிக்கும் சிபாரிசு செய்வதற்கில்லை.

தீபாவளிக்கு முதல்நாள் இரவு, வெடிச்சத்தத்தில் மிரண்ட எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய் காணாமற் போயிற்று. மதிலை ஆறடிக்கு உயர்த்தி, திருடர்களை உத்தேசித்து அதன்மேல் கண்ணாடிச் சில்லும் பதித்திருந்த நான், அது எப்படித் தாண்டியது என்று இரவெல்லாம் வியந்துகொண்டிருந்தேன். விடிந்தபின் கதவருகே குனிந்து பார்த்தபோதல்லவா சங்கதி விளங்கிற்று! அடித்தகட்டில் கறுப்பு வர்ணம் மட்டும் தோல்போல நின்றிருந்தது. உள்ளே இரும்பு இல்லை. விரலால் அழுத்தினேன், அப்பளம்போல் நொறுங்கிச் செந்தூளாக உதிர்ந்தது. ஓட்டையின் விளிம்பில் நாலைந்து மயிர்கள் ஒட்டியிருந்தன. நாயோ, கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கருங்கற்றூண்களின் மறைவில் நடுங்கிக்கொண்டிருந்தது.

இவ்வூரில் வேலியைத் தின்பது நாயன்று, கடல். அலை உடையுந்தோறும் காற்றில் பறக்கும் நுண்திவலைகள் இரும்பின்மேல் உப்பைப் படியவைக்கின்றன. அந்த உப்போ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்து, மழையில்லாத நாளிலும் இரும்பை நனைத்தே வைத்திருக்கிறது. அதிலுள்ள குளோரைடு துருவேறுவதைத் துரிதப்படுத்துகிறது. தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவம் துருவுக்கு உண்டாகையால், மேலிருக்கும் வர்ணத்தையும், கம்பி புதைந்த சிமெண்டுத் தூணையுங்கூட அது பிளந்துவிடுகிறது. நீரும் புழுதியும் தேங்கும் அடிப்பாகத்தில் இது அதிகம். போதாக்குறைக்கு, ஆண் நாய்கள் நாள் தவறாமல் அதே இடத்துக்குச் செய்யும் உப்பு நீர் அபிஷேகம் வேறு!

ஆகவே கம்பிவலை வாங்குகிறவர்கள் விலையை விசாரிப்பதோடு துத்தநாகப் பூச்சின் கனத்தையும் விசாரிக்க வேண்டும். கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் அது கரைந்து தீரும்வரைதான். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கம்பிக்கு, மின்சாரத்தால் மெல்லிய பூச்சு ஏற்றிய கம்பியைவிட ஆயுள் அதிகம். மணற்பாங்கான நிலத்தில் நாய் சுலபமாகப் பள்ளம் பறித்துவிடுமாதலால், வலையின் அடியை ஓரடி அகலத்துக்கு உட்புறமாக மடித்து மண்ணில் புதைப்பது அவசியம். கண்ணாடிச் சில்லால் நாயின் பாதம் கிழியுமேயன்றி வேறு பிரயோஜனமில்லை.

கிராதி வழியாக வீதியைப் பார்த்து ஓயாமல் குரைக்கும் நாய்களும் உண்டு. 1973-இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய அறிஞர் கொன்ராடு லோரன்ஸ் தம் நாயைப்பற்றி ஒரு வேடிக்கை எழுதியிருக்கிறார்: வேலிக்கு இருபுறமும் ஓடி, ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடுவதுபோல் குரைத்துவந்த இரண்டு நாய்கள், வேலி பெயர்க்கப்பட்டிருந்த இடத்துக்கு ஒருநாள் வந்து நேருக்கு நேர் நின்றதும் திகைத்து, வேலி மிஞ்சியிருந்த பக்கத்துக்கே திரும்பி ஓடி அங்கே நின்று மறுபடியும் குரைத்தனவாம்! கிராதியின் கீழ்ப்பாதியைத் தகட்டால் மறைத்துவிட்டால் பெரும்பாலும் இந்த ஆர்ப்பாட்டம் குறைந்துவிடும். சங்கிலி ஒன்று போதாதா என்பாரும் உளர். பிராணியை நியாயமற்ற அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம்.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே, ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கதவின் அடித்தகட்டை முனைக்கு முனை தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று ஒலித்தால் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசினால் போதும். ‘பொத்’தென்று ஒலித்தால், தீபாவளிக்குக் காத்திராமல் அன்றைக்கே வெல்டிங் பட்டறைக்கு ஆளனுப்புங்கள்.