பலசரக்குக் கடையில் ஒரு நிகண்டு

அருவி ஆற்றின் நீரைத் தேக்கம் அணையிலே மறித்துக் கால்வாய் வழியே கொணர்ந்து நிரப்பும் கட்டுக்கரைக் குளத்தை நம்பியே மன்னார்ப் பெருநிலத்து வயல்கள் பல விளைகின்றன. அவ்வயலின் நெல்லை விற்ற கையோடு, நன்கு தீட்டிய வெள்ளரிசியைப் பணங்கொடுத்து வாங்கிச் செல்லும் உழவர் உளர். அவரை நகைத்தல் தகாது. அரிசி வெளுக்க வெளுக்க உயர்வென்னும் எண்ணம் கற்றாரிடத்தும் ஊறிக் கிடக்கின்றது.

நெல்லின் நலத்திற் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும் உள்ளது. யாவாத் தீவில் ஆராய்ந்த ஒல்லாந்த மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியையே உண்ட கோழிகள் கால் சோர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்கா அரிசியால் அவை தேறுவதையும் 1890களில் கண்டார். பெரிபெரி நோயின் காரணம் துலங்க அது வழியாயிற்று. 1929இல் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார். நெல்லை அவித்து உலர்த்திக் குற்றும் நம் முறையோ, தயமின் என்னும் உயிர்ச்சத்தில் ஒரு பகுதியை அரிசியினுள்ளே செலுத்திவிடுகிறது. உயிர்ச்சத்து என்னும் சொல் பிறவா முன்னரே நம் பாட்டியர் செய்துவந்த வேலை இது! ஆதலின், சிவப்பரிசி வாங்குவோர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையிற் பரப்பிப் பார்ப்பாராக. மணிமேல் செந்நிறத் தவிடு எஞ்சியிருத்தல் வேண்டும்.

அரிசியைக் கண்ணாற் தேரலாம். பொதியில் அடைத்த பண்டத்தைத் தேர எழுத்தறிவு வேண்டும். அதன் சேர்பொருட் பட்டியலில் எடையால் மிக்கது முன்னும் குறைந்தது பின்னுமாக நிற்கும். ஆயின், ஒரு பொருட்குப் பல பெயர் கூறும் நிகண்டைப் பாடஞ்சொல்லிப் பழகிய எனக்கே, சீனிக்கு அங்குள்ள பெயர்கள் வியப்பைத் தந்தன. சுக்குறோசு, குளுக்கோசுப் பாகு, மோல்ற்றோசு, பிறக்ரோசு என அது பிரிந்து நிற்குங்கால் ஒவ்வொன்றும் பின்னே ஒதுங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் சீனியே தலைமை பெறவுங் கூடும். மாணவர்க்கு இஃது இலக்கணமும் ஆகும், கணக்கும் ஆகும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் மருந்து ஒன்றின் பெயரேனும் இல்லை. பெரிதும் பேசப்படுவது உண்ணும் அளவே. அவ்வளவை நிறத்தாற் காட்ட முயன்றது, இலங்கையில் 2016இல் இனிப்புப் பானங்களுக்கு வந்த விதி. அன்று வகுத்தபடி, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருப்பின் சிவப்பு வட்டம். 11 கிராம் என்றே கொண்டாலும், 330 மில்லிலீற்றர்ப் போத்தலில் ஏறக்குறைய 36 கிராம், அதாவது ஒன்பது தேக்கரண்டி சீனி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு நெறிமுறையை 2000 கலோரி உண்பார்க்குக் கணக்கிட்டால், நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குக் கீழ். 25 கிராமுக்குக் கீழாயின் இன்னும் நன்று. நீரிழிவாற் பார்வை மங்கியோரும் கால் இழந்தோரும் நம் அயலிலேயே இருக்க, பாடசாலை விட்டு வரும் பிள்ளையின் கையில் அப்போத்தலை நாமே வாங்கிக் கொடுக்கின்றோம்.

பழையன யாவும் நல்லன என்பதும் என் கட்சியன்று. குரக்கனும் பயறும் ஒடியல் மாவும் வாங்கத்தக்கன. பனங்கட்டி எத்துணை மணத்தாலும் இனிப்பே. கடற்கரையூர்க் கருவாட்டிலோ உப்பு மிகுதி. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே வளர்ந்தோர்க்குச் சொல்லிய அளவு. கருவாட்டை நீரில் ஊறவிட்டு, அந்நீரைக் கொட்டிக் கழுவிய பின் ஆக்கினால் உப்புக் குறையும். குழம்பில் வேறு உப்பிடுமுன் ஒரு துளி நாவில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.