புல்வெளி முதல் நீல மூடி வரை: கிங்ஸ்பரிக்குப் பால் வரும் கதை

கிங்ஸ்பரியின் ஃபிரையன்ட் கன்ட்ரி பார்க் சுமார் 100 ஹெக்டேர் பரப்புள்ளது. வடமேற்கு லண்டனின் வீட்டு வரிசைகளுக்கு நடுவே, அங்கு இன்றும் கோடையில் புல்லை அறுத்துக் காயவைத்து எடுக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இவ்வூர் விவசாயிகளின் முக்கிய விளைச்சலே அந்த உலர்புல்தான். லண்டனின் வண்டிக் குதிரைகளும் நகரத் தொழுவங்களின் கறவை மாடுகளும் அதைத் தின்றே வாழ்ந்தன.

நகரத்துக்குள் மாடு கட்டியதற்குக் காரணம் உண்டு. குளிரூட்ட வழியில்லாத காலத்தில், தொலைவிலிருந்து வரும் பால் வழியிலேயே திரிந்துவிடும். 1865இல் வெக்கை நோய் லண்டன் தொழுவங்களைச் சூறையாடியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜார்ஜ் பார்ஹாம், ரயிலில் பால் கொண்டுவரும் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் அதுவே எக்ஸ்பிரஸ் டெய்ரீஸ். கிங்ஸ்பரிக்குக் கிழக்கே ஃபின்ச்லியில் அவர் 1883இல் அமைத்த காலேஜ் ஃபார்ம், சுத்தமான பால் பண்ணைக்கு முன்மாதிரியாக மக்கள் பார்வைக்குத் திறந்திருந்தது.

ரயில் மாறலாம், லாரி வரலாம். மாட்டின் கணக்கு மாறாது. ஈன்றால்தான் பால்.

பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற 82 நாளுக்குள் அது மறுபடி சினை பிடிக்க வேண்டும். ஈன்றதும் வரும் சீம்பால் கன்றுக்கு நோய் எதிர்ப்புத் தருவது, விற்பனைக்குப் போகாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் கறவை உச்சம் தொடும். ஏறத்தாழ பத்து மாதம் கறந்தபின், மடி தேறுவதற்காக இரண்டு மாதம் வற்றவிடுவார்கள்.

கோடையில் மேய்ச்சல், குளிர்காலத்தில் சைலேஜ் எனும் ஊறுகாய்ப்புல், கூடவே அடர்தீவனம். நார்ச்சத்தை அசையூன் வயிற்றின் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து உடைக்கின்றன. பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர் என்பதால், தண்ணீர்த் தொட்டி வறண்டால் அன்றே கறவை குறையும்.

காம்பைத் துடைக்கும்போதே ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்கும். அதன் வேகம் சில நிமிடமே நிற்கும். மாடு மிரண்டால் சுரப்பு தடைப்படும். முதல் பீச்சலில் திரி தெரிந்தால் அது மடிநோயின் அறிகுறி. அந்தப் பாலைச் சேர்ப்பதில்லை. நல்ல பாலை உடனே 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விப்பார்கள். ஆலையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, மீண்டும் குளிரவைப்பார்கள்.

கிங்ஸ்பரி ரோடு கடைகளில் அது மூன்று நிற மூடிகளில் கிடைக்கிறது: நீலம் முழுக்கொழுப்பு, பச்சை பாதி, சிவப்பு கொழுப்பு நீக்கியது. கெட்டித் தயிருக்கு நீலமே ஏற்றது. கடைப்பால் ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது. குடிப்பதற்காக அதைப் பொங்கக் காய்ச்ச வேண்டிய அவசியமில்லை. ஆனால் உறை ஊற்றுவோர் ஒரு முறை நன்றாகக் காய்ச்சி ஆறவைத்தால் தயிர் இன்னும் இறுக்கமாக விழும்.