கூச்சல் போடாத காய்ச்சல்

மூளை உறை அழற்சி கண்டவரைக் கட்டிலில் உட்காரவைத்து, மடங்கிய முழங்காலை நீட்டிப் பார்த்தால் கால் பாதியிலேயே நின்றுவிடலாம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவராக இருந்த விளாடிமிர் கெர்னிக் 1882-இல் இதைப் பதிவு செய்தார். மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகள் தலையோடு முடிவதில்லை; தண்டுவடத்தையும் நரம்பு வேர்களையும் சுற்றிக்கொண்டு இடுப்புக்குக் கீழே வரை இறங்குகின்றன. அழற்சி கண்ட உறை இழுபட்டால் உயிர்போகிற வலி. அதைத் தடுக்கத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. கழுத்து விறைப்பதும் இதனால்தான்.

ஆக, விறைப்பு கிருமியின் நேரடி வேலையல்ல; இந்நோயில் வரும் காய்ச்சலும் அப்படித்தான். இரண்டும் உடம்பு போடும் கூச்சல். வயதானால் அந்தக் கூச்சல் குறைந்துபோகிறது. பெரியவருக்கு உடம்பு லேசாகத்தான் சுடும். தலைவலி என்று சொல்லவும் மாட்டார். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று மகளைப் பார்த்து "யாரும்மா நீ?" என்பார், அல்லது எழுப்ப எழுப்பத் தூங்குவார். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவதும், பக்கவாதமோ சிறுநீர்த் தொற்றோ என்று மருத்துவமனையில் முதலில் எண்ணுவதும் இதனால் நடக்கிறது.

இளையவர்களிடம்கூட இந்நோய் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. நெதர்லாந்தில் வயதுவந்தோரிடம் கண்ட 696 நோய் நிகழ்வுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் மூன்றும் ஒருசேர இருந்தது 44 சதவீதத்தில்தான். ஆனால் தலைவலியையும் சேர்த்து நான்காக்கினால், அவற்றில் குறைந்தது இரண்டு 95 சதவீதத்தில் இருந்தன.

முதியவரின் கழுத்து வேறொரு வகையிலும் ஏமாற்றும். எலும்புத் தேய்மானத்தால் ஏற்கெனவே விறைத்த கழுத்து அது. தேய்மானமென்றால் பக்கவாட்டில் திருப்புவதும் கடினம். உறை அழற்சியில் திருப்ப ஓரளவு வரும், முகவாயை மார்பில் தொடவைக்கத்தான் முடியாது. இதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது என்பதால், முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்கிறார்கள். ஜெர்மானியர் ஹைன்ரிஷ் குவின்கே 1891-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை அது. பளிங்குபோல் இருக்கவேண்டிய நீர் கலங்கி வரும். அதிலுள்ள சர்க்கரையும் குறைந்திருக்கும்.

பெரும்பாலும் குற்றவாளி நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பலரின் மூக்கிலும் தொண்டையிலும் தொல்லையின்றிக் குடியிருப்பது, காது அல்லது நுரையீரல் தொற்று வழியாகவும் மூளை உறையை எட்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் பெருகும் லிஸ்டீரியா இன்னொன்று. வழக்கமாகத் தரும் ஆன்டிபயாட்டிக்கான செஃப்ட்ரியாக்சோன் அதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் 50 வயது கடந்தவர்களுக்கு ஆம்பிசிலினையும் சேர்த்து ஏற்றுகிறார்கள்.

மருந்தால் செத்த கிருமி உடைந்து சிதறும்போது அந்தத் துணுக்குகளைக் கண்டு உடம்பு மேலும் கொதிக்கும், மூளை வீங்கும். ஆகவே முதல் ஆன்டிபயாட்டிக்குக்குச் சற்று முன்னரோ கூடவோ டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் போட்டு அந்தக் கொதிப்பை அடக்குகிறார்கள். நோயை அடையாளம் காண எந்தக் கூச்சலுக்காக மருத்துவர் காத்திருந்தாரோ, சிகிச்சையில் அதையே அடக்கவும் வேண்டியிருக்கிறது.