நாம் கடையில் கொடுக்கும் பணம்

2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களுக்கு ஜி.எஸ்.டி. வரி குறைந்ததை எல்லோரும் அறிவோம். அந்தச் சமயத்தில் ஒரு கல்லூரி மாணவர் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். தவணையில் வாங்கிய 30,000 ரூபாய் செல்போனுக்கு இரண்டு மாதம் பாக்கி, வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று கேட்டார். பணம் சேர்ந்த பிறகு வாங்கியிருக்கலாமே தம்பி என்றோம். "ஜனங்கள் செலவு செய்தால்தான் நாடு வளரும் என்று அரசாங்கமே வரியைக் குறைக்கிறது. நீங்கள் சேர்த்து வை, சேர்த்து வை என்கிறீர்களே பாய்" என்றார். (செல்போனுக்கு வரி குறையவில்லை, அதே 18 சதவீதம்தான். அது வேறு விஷயம்.) அதற்குள் அஸருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். கேள்வி நியாயமானது என்பதால் பதிலை இங்கே எழுதுகிறோம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஒருவர் செய்யும் செலவுதான் இன்னொருவரின் வருமானம். பெருநாளுக்கு நாம் துணி எடுத்தால் ஜவுளிக்கடைக்காரருக்கு வியாபாரம், தையல்காரருக்குக் கூலி. தையல்காரர் அந்தக் கூலியில் கறி வாங்குகிறார், கறிக்கடைக்காரர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார். இந்திய நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 60 சதவீதம் இப்படிக் குடும்பங்கள் செய்யும் செலவுதான். அமெரிக்காவில் இது 70 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கையை மூடிக்கொண்டால் தொழிற்சாலை இருக்கும், தொழிலாளி இருப்பார், வாங்க ஆள் இருக்காது. 1930-களின் பெருமந்தத்தில் நடந்தது இதுதான். அப்போது அரசாங்கமே செலவு செய்து சக்கரத்தைச் சுழற்ற வேண்டும் என்று 1936-இல் கெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் எழுதினார்.

எதைத் தயாரிப்பது என்று யார் முடிவு செய்வது? முதலாளித்துவமும் சோசலிசமும் பிரியும் இடம் இது. முதலாளித்துவத்தில் வாங்குபவரின் பணம் ஓட்டு மாதிரி. எது விற்கிறதோ அது மேலும் தயாராகும். ஆனால் இந்தத் தேர்தலில் லட்சம் வைத்திருப்பவருக்கு லட்சம் ஓட்டு, கையில் ஒன்றும் இல்லாதவருக்கு ஓட்டே இல்லை.

சோவியத் நாட்டில் மாஸ்கோவிலிருந்த திட்ட அலுவலகம் முடிவு செய்தது. அங்கே பள்ளியும் மருத்துவமும் இலவசம், வீட்டு வாடகை மிகக் குறைவு. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ரொட்டி விலையும் மிக மலிவு. எவ்வளவு மலிவு என்றால், தீவனத்துக்குப் பதிலாக மாட்டுக்கும் பன்றிக்கும் ரொட்டியைப் போட்டார்கள். தோல் தொழில் செய்யும் நம் வட்டாரத்துக்குக் காலணிக் கதை இன்னும் நன்றாகப் புரியும். உலகிலேயே மிக அதிகமாகக் காலணி தயாரித்த நாடுகளில் சோவியத் ஒன்று. கணக்கில் ஜோடி எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் காலுக்குப் பொருந்தாது, பார்க்கவும் சகிக்காது. ஜனங்கள் வெளிநாட்டுக் காலணிக்கு வரிசையில் நின்றார்கள். நம் நாட்டிலிருந்து, குறிப்பாக ஆக்ராவிலிருந்து, ஏராளமாகப் போனது. 1991-இல் அந்த நாடு உடைந்ததும் ஆக்ராவில் பல பட்டறைகள் ஆர்டர் இல்லாமல் நின்றன.

அங்கே சம்பளம் வந்தது, வாங்கச் சரக்கு இல்லை. எனவே பணம் சேமிப்பு வங்கியில் குவிந்தது. 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அந்த ஒரே ஆண்டில் விலைவாசி 20 மடங்குக்கு மேல் ஏறியது. வயதானவர்களின் ஆயுட்காலச் சேமிப்பு சில மாதங்களில் கரைந்துபோனது.

அமெரிக்கா இதற்கு நேர்மாறு. கடையில் சரக்கு நிறைந்திருந்தது, வாங்கும் பணம்தான் கடன். வீட்டு விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பி, வீட்டின் மேல் கடன் வாங்கிப் பலர் செலவு செய்தார்கள். விலை இறங்கியது. 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அங்கே வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் புதுக் காலணி வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். அது ஆம்பூர், ராணிப்பேட்டை வரை வந்து தைத்தது. முதலில் ஓவர்டைம் நின்றதும், பிறகு நாள் கணக்கில் வேலை குறைந்ததும் அன்று கம்பெனிக்குப் போன நம் பெண்களுக்கு நினைவிருக்கும்.

நம் நாடு இரண்டையும் கலந்தது. 1980-களில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தோம். மகனுக்குப் பதிவு செய்தது அவன் கல்யாணத்துக்கு வந்தது என்று கேலி பேசுவார்கள். 1991-க்குப் பிறகு சந்தை திறந்தது. ஆனால் ரேஷன் கடை மூடப்படவில்லை. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு மாதாமாதம் அரிசி இலவசம். அரிசியில் மிச்சமாகும் பணம் முட்டையாகவும் நோட்டுப் புத்தகமாகவும் அதே தெருக் கடைக்குப் போகிறது. வசதியானவருக்குக் கூடுதலாக 1,000 ரூபாய் கிடைத்தால் அது பெரும்பாலும் வங்கியில் தூங்கும். இல்லாதவர் கைக்கு வந்தால் அந்த வாரமே கடைவீதிக்கு வந்துவிடும். ஜகாத் கொடுப்பது இபாதத். அதற்குள் இந்தப் பொருளாதாரமும் இருக்கிறது. சும்மா கிடக்கும் செல்வத்தின் இரண்டரை சதவீதம் கடைத்தெருவுக்குத் திரும்புகிறது.

இனி மாணவரின் செல்போன். வருமானத்திலிருந்து செய்யும் செலவு ஒரு வகை. தவணைச் செலவு என்பது அடுத்த ஆண்டு செய்ய வேண்டியதை இன்றே எடுத்துச் செய்வது. போன் வாங்கிய மாதம் நாட்டுக் கணக்கில் வியாபாரம் ஏறும். பிறகு தவணை முடியும் வரை அந்த வீடு மளிகையில் குறைக்கும், தையலைத் தள்ளிப்போடும். 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தை நம்பியவர்களுக்கு ஒரு தகவல்: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013-இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும், அல்லது பரிசீலனைக் கட்டணம் என்ற பெயரில் வரும். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் வட்டி மாதம் மூன்று, மூன்றரை சதவீதம். 30,000 ரூபாய்க்கு மூன்றரை வீதம் மாதம் 1,050 ரூபாய்.

செல்போன் தவணைக்கு அறக்கட்டளைக் கடன் கொடுக்க விதியில் இடமில்லை. மாணவர் மாலையில் ஒரு கடையில் வேலை பார்த்துப் பாக்கியை அடைத்து வருகிறார். அவருடைய தாயார் தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்க 4,000 ரூபாய் கேட்டு எழுதியிருந்தார். அதை அந்த மாதக் கூட்டத்திலேயே கொடுத்துவிட்டோம்.