கருவின் மரபுப் பரிசோதனை: பயனும் வரம்பும்

1990-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், லண்டன் மாநகரின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் ஹாண்டிசைடு, ராபர்ட் வின்ஸ்டன் முதலான விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ என்னும் சஞ்சிகையில் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். தாயின் உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவிலிருந்து ஓர் உயிரணுவை எடுத்து, அக்கரு ஆணா பெண்ணா என்பதை அறிந்து, பெண்கருவை மட்டும் கருப்பையில் வைத்துக் கர்ப்பம் உண்டாகச் செய்ததை அவ்வுரை விவரித்தது. பெண்கருவைத் தேர்ந்ததற்குக் காரணம் யாது? அத்தம்பதியரின் குடும்பங்களில், ஆண்மக்களையே பெரிதும் தாக்கும் கொடிய பரம்பரை நோய்கள் இருந்தன. நோயுற்ற குழந்தை பிறப்பதைத் தவிர்ப்பதே அவர்களது நோக்கம்.

நோயைத் தவிர்க்கத் தோன்றிய இம்முறையை, ஆண்மகவு வேண்டுமென்னும் ஆசையை நிறைவேற்றவும் பயன்படுத்தக்கூடும். இவ்விரண்டிற்கும் இடையே நம் நாட்டுச் சட்டம் எங்கே எல்லை வகுத்துள்ளது, அந்த எல்லை ஏன் வேண்டும் என்பவற்றைக் கிராம ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பரிசோதனை நடைபெறும் முறை

சோதனைக்குழாய் முறையில் பெண்ணுக்கு முதலில் ஹார்மோன் ஊசிகள் போடப்படுகின்றன. இதனால் பல முட்டைகள் ஒருங்கே முதிர்கின்றன. அவற்றை மெல்லிய ஊசியால் வெளியே எடுத்து, கணவனின் விந்தணுக்களோடு சேர்க்கின்றனர். கருவுற்ற முட்டை பலவாகப் பிரிந்து பெருகி, ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் நூற்றுக்கு மேற்பட்ட உயிரணுக்களைக் கொண்ட சிறு பந்து போலாகிறது. அதன் உட்பகுதி பின்னர்க் குழந்தையாக வளரும். வெளிப்படலம் நஞ்சுக்கொடியாக மாறும். பரிசோதனைக்கு வெளிப்படலத்திலிருந்து சில உயிரணுக்களே எடுக்கப்படுகின்றன. முடிவு தெரியும்வரை கருவைக் கடுங்குளிரில் உறையவைத்துப் பாதுகாக்கின்றனர்.

இப்பரிசோதனை கருவிலுள்ள எக்குறையையும் நீக்குவதன்று. இருக்கும் கருக்களுள் எதனைக் கருப்பையில் வைக்கலாம் என்று காட்டுவது மட்டுமே. இதன் முடிவு முற்றிலும் பிழையற்றது என்றும் கூற இயலாது. ஒரே கருவில் மரபு அமைப்பால் வேறுபட்ட உயிரணுக்கள் கலந்திருப்பதுண்டு. ஆதலால் கர்ப்பம் உண்டான பின்னரும், முடிவை உறுதிசெய்யும் மற்றொரு பரிசோதனையை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

நோயைக் காண்பதும் பாலைக் காண்பதும்

இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். இதற்குக் காரணமான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு. ஒன்றில் குறை இருப்பினும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதில் குறை இருப்பின் நோய் வெளிப்படும். குறையுள்ள ஜீனைத் தாங்கிய தாய்க்குப் பிறக்கும் ஆண்குழந்தை ஒவ்வொன்றுக்கும் நோய் வரும் வாய்ப்புப் பாதியாகும்.

1990-இல் குறையுள்ள ஜீனை நேரே காணாமல், கருவின் பாலை மட்டுமே கண்டனர். அதனால் நோயற்ற ஆண்கருக்களும் விலக்கப்பட்டன. இன்று நோய்க்குக் காரணமான ஜீனையே நேரே ஆராய முடிகிறது. குடும்பத்திலுள்ள குறை இன்னதென்று தெரிந்துவிட்டால், ஆண்கரு ஆயினும் பெண்கரு ஆயினும் நோயற்றதைத் தெரிந்துகொள்ளலாம். தாய் தந்தை இருவரும் தாலசீமியாக் குறையைத் தாங்கியிருந்தால், குழந்தை ஒவ்வொன்றுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இங்கே ஆண், பெண் என்னும் வேறுபாட்டிற்கே இடமில்லை. விஞ்ஞானம் வளர வளர, நோயைத் தவிர்ப்பதற்காகப் பாலை அறியவேண்டிய தேவை குறைந்துகொண்டே வருகிறது.

சட்டம் வகுத்த எல்லை

கருவின் பாலை அறிந்து பெண்கருவைக் கலைக்கும் வழக்கத்தைத் தடுக்க, மகாராஷ்டிரம் 1988-இல் ஒரு சட்டம் இயற்றியது. மத்திய சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. எனினும் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுள் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்களின் எண்ணிக்கை 1991-இல் 945 ஆக இருந்தது, 2001-இல் 927 ஆயிற்று. 2011-இல் 920-க்கும் கீழே சென்றது. இக்குறைவிற்குப் பெருங்காரணம் கர்ப்பகாலத்தில் பாலை அறிந்து கருவைக் கலைத்தலேயாம்.

கருத்தரிக்கும் முன்னரோ கருப்பையில் வைக்கும் முன்னரோ பாலைத் தேர்வதையும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்தது. விந்து, முட்டை, கரு ஆகிய எதன்மீதும் பால் தேர்வு செய்தல் குற்றமாகும். 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டமும், அறியப்பட்ட பரம்பரை நோய்களைக் காண்பதற்கே கருப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம் என வரையறுக்கிறது.

‘கருக்கலைப்பே இல்லையே; பிறகு குற்றம் எங்கே?’ என்று சிலர் வினவலாம். இரு பெண்குழந்தைகளை உடைய தம்பதியர் இத்தகைய வாதத்துடன் பம்பாய் உயர்நீதிமன்றத்தை அணுகினர். 2007-இல் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. பெண் என்னும் ஒரே காரணத்திற்காக ஒரு கருவை விலக்குவது, பெண் வேண்டாதவள் என்னும் எண்ணத்தையே வலுப்படுத்துகிறது. முறை மாறினும் எண்ணம் மாறவில்லை. நோய் துன்பம் தருவது. பெண்ணாகப் பிறத்தல் நோயன்று.

ஊழியரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

பரம்பரை நோயுள்ள குடும்பத்தைக் கண்டால், பதிவுபெற்ற மரபியல் ஆலோசனை மையத்திற்கு அனுப்புதல் வேண்டும். சட்டத்திற்கு அஞ்சி நோய்ப் பரிசோதனையையே தவிர்க்கவேண்டியதில்லை என்பதை அவர்களுக்கு விளக்குக. ஆண்குழந்தைக்கு உறுதி கூறும் விளம்பரமோ இடைத்தரகரோ தென்பட்டால், இச்சட்டத்திற்கென மாவட்டத்தில் நியமிக்கப்பட்டுள்ள அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். இக்குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பால் அறியும் பரிசோதனைக்கு உட்பட்ட பெண்ணை, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, சட்டம் கருதுகிறது. ஆகவே புகார் அளித்தால் அப்பெண்ணுக்கே தீங்கு நேரும் என்று தயங்கவேண்டியதில்லை.

ஆண்மகவு பெறவில்லை என்று பெண்களைப் பழிப்பதைப் போக்க, வகுப்பில் எளிய செயல்முறை ஒன்றைச் செய்து காட்டலாம். தாய்க்குரிய கிண்ணத்தில் வெள்ளைக் கொண்டைக்கடலையை மட்டும் இடுக. தந்தைக்குரிய கிண்ணத்தில் வெள்ளையும் கறுப்பும் சரிபாதியாக இடுக. வெள்ளை எக்ஸ் குரோமோசோமையும் கறுப்பு ஒய் குரோமோசோமையும் குறிக்கும். மாணவர் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்திற்கு ஒன்றாக எடுக்கட்டும். இரண்டும் வெள்ளையாயின் பெண். ஒன்று கறுப்பாயின் ஆண். முடிவுகளைக் கரும்பலகையில் எழுதிவருக. தாயின் கிண்ணம் ஒருபோதும் முடிவை மாற்றுவதில்லை என்பதை மாணவர்களே கண்டுகொள்வர். தந்தையும் விரும்பி எடுப்பதில்லை. இருவர் மீதும் குற்றமில்லை. இச்செய்தி மாணவர் வாயிலாக அவர்கள் இல்லங்களைச் சென்றடையும்.