படிகளும் பயிற்சிக் களமே

உடல்நலம் பேண வேண்டுமாயின், கட்டணம் செலுத்தி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாக வேண்டும் என்ற எண்ணம் நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. வசதி குறைந்தோர், "அது நமக்கு எட்டாதது" என வாளாவிருந்து விடுகின்றனர். இவ்வெண்ணம் சரிதானா?

இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் அமர்ந்தே பணியாற்றினார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கினார். இவ்விரு சாராரையும் ஒப்பிட்டு ஆராய்ந்த மருத்துவர் ஜெரி மோரிஸ் 1953-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நடத்துநரிடையே இதயநோய் குறைவு. வந்தோருக்கும் பிந்திய வயதிலேயே வந்தது. அவர்கள் எந்தக் கூடத்திலும் சேர்ந்தவர்களல்லர். அன்றாடப் பணியே அவர்களுக்குப் பயிற்சியாயிற்று.

வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வலியுறுத்தியது. ஐந்து நாள்கள் அரைமணி நேர விரைநடை போதும். அதனைச் சிறுசிறு பகுதிகளாகவும் பிரித்துக்கொள்ளலாம். நடக்கையில் பேச இயல வேண்டும், பாட இயலக் கூடாது, இதுவே அளவு. தசைகள் வலுப்பெற, வாரத்தில் இரு நாள்களேனும் நாற்காலியில் கைகளை ஊன்றாமல் பலமுறை அமர்ந்து எழலாம்.

அன்புள்ள தாய்மாரே, அடுப்படியில் நெடுநேரம் நிற்பது களைப்பைத் தரும். விரைநடையின் பயனைத் தராது. ஆகவே உங்களுக்கென அரைமணி நேரத்தை ஒதுக்கித் தருவது குடும்பத்தாரின் கடமை. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரை அணுகுக. ஏனையோர் இன்று மாலையே குடும்பமாக நடக்கத் தொடங்குவீர்களாக!