ஒரே உருண்டை, மூன்று பெயர்! - கெலமங்கலத்தின் மொழிக் கதை

கொதிக்கும் நீரில் கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிளறி, கைபொறுக்கும் சூட்டில் உருட்டி வைத்தால், தமிழ் வீட்டில் அது களி. கன்னட வீட்டில் முத்தெ. தெலுங்கு வீட்டில் சங்கடி. கிருஷ்ணகிரி மாவட்டம் கெலமங்கலத்தில் இந்த மூன்று வீடுகளும் ஒரே தெருவில் இருக்கும். மருமகள் வேறு மொழிக்காரர் என்றால், மூன்று பெயர்களும் ஒரே அடுப்படியில் கேட்கும். கடைத்தெருவுக்குப் போனால் உருதுவும் சேர்ந்துகொள்ளும்.

'அப்படியானால் இவர்கள் யார்? தமிழரா, தெலுங்கரா, கன்னடரா?' என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரம்!

எல்லைக்கு மூத்த மொழிகள்

1792-ல் பாராமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆனால், ஓசூர் வட்டாரம் 1799 வரை மைசூரின் பக்கமே இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில், திப்பு சுல்தானை எதிர்த்து சீரங்கப்பட்டணம் நோக்கிப் போன ஆங்கிலேயப் படை கெலமங்கலத்தில் முகாமிட்டது. அதன்பின் சேலம் மாவட்டம், 1965-ல் தர்மபுரி மாவட்டம், 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று முகவரி மாறிக்கொண்டே வந்தது. 1956-ல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, இந்தப் பகுதி தமிழகத்தில் நின்றது. வீட்டில் பேசும் மொழி மட்டும் மாறவில்லை.

ஊர்ப் பெயர்களே அதற்குச் சாட்சி. கன்னடத்தில் 'ஹொஸ' என்றால் புதிய. 'ஹொஸ ஊரு'தான் ஓசூர். கன்னட 'ஹள்ளி' தமிழ் நாக்கில் 'அள்ளி'யாகி மாரண்டஅள்ளி, நாகோஜனஅள்ளி என்று நிற்கிறது. தேன்கனிக்கோட்டையின் பேட்டராய சுவாமி பெயரில் உள்ள 'பேட்டெ', நம் 'வேட்டை'யேதான்.

பத்தாம் வகுப்பில் வந்த சிக்கல்

வீட்டிலும் சந்தையிலும் சிக்கல் இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் வந்தது. 2006-ல் கொண்டுவரப்பட்ட தமிழ் கற்றல் சட்டம், ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. தாய்மொழியை விருப்பப் பாடமாகப் படிக்கலாம். அந்த முதல் அணி 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, சிறுபான்மை மொழிப் பள்ளிகள் நீதிமன்றத்தை நாடின. 'எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரப் போதிய ஆசிரியர்கள் இல்லை. தேர்வு மட்டும் எப்படி எழுதுவார்கள்?' என்பது அவர்கள் வாதம். விலக்கு கிடைத்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மேலும் ஓராண்டு நீட்டித்தது.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், அரசு வேலையிலிருந்து வங்கிப் படிவம் வரை எல்லாமே சிரமம். அதேசமயம், தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு. தாய்மொழியும் வேண்டும், வாழும் மண்ணின் மொழியும் வேண்டும் என்பதே பெற்றோர் பலரின் ஆசை. 2024 ஜூனில் கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி ஏற்று, 'நன்றி, வணக்கம், ஜெய் தமிழ்நாடு' என்று முடித்ததில் அந்த மனநிலை அப்படியே தெரிந்தது.

எழுத்து தெரியாத தாய்மொழி

இப்போது புதிய காற்று வீசுகிறது. ஓசூரில் தொடங்கிய தொழிற்சாலைகள் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பக்கம் வரை நீண்டுவிட்டன. ஜார்க்கண்டிலிருந்துகூட இளம்பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். டீக்கடையில் இந்தி கேட்கிறது. பெற்றோர் ஆங்கில வழிப் பள்ளியைத் தேடுகிறார்கள்.

இந்தப் போட்டியில் சத்தமில்லாமல் தோற்பது, வீட்டு மொழியின் எழுத்து. தெலுங்கோ கன்னடமோ சரளமாகப் பேசும் பிள்ளைக்கு, அந்த மொழியில் தன் பெயரை எழுதத் தெரிவதில்லை. பாட்டி சொல்லும் கதை புரியும். அதையே எழுதிக் கொடுத்தால் படிக்க முடியாது. அடுத்த தலைமுறையில் பேச்சும் குறையும். பாட்டி வைத்திருந்த உறவுப் பெயரும் பழமொழியும் தாலாட்டும் அதோடு போகும். சென்னையிலும் வெளிநாட்டிலும் ஆங்கிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் கதையும் இதேதான்.

இதற்குச் சட்டமோ தீர்ப்போ வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. யுகாதிப் பச்சடி செய்யும் நாளில் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாய்மொழியில் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லித்தரலாம். அடுத்து வரும் சித்திரை முதல் நாளில் அதே பிள்ளை தமிழில் வாழ்த்து எழுதட்டும். களி என்றாலும் முத்தெ என்றாலும் சங்கடி என்றாலும், பசிக்கு ருசி ஒன்றுதானே!